லாபம், ரெண்டு, மூணு

அன்று காலை எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் தரையில் கிடந்தோம். நடுவில் அம்மா. அம்மாவுக்கு அடியில் பாதி உடம்பு மாட்டிக்கொண்டு அண்ணி. அம்மாவின் காலடியில் நான், சக்கர நாற்காலியின் ஒரு சக்கரத்தைக் கட்டிப் பிடித்தபடி.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கடையில் யாரோ, "அக்கா, முட்ட இருக்கா? அக்கா!" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

முதலில் சிரித்தது அம்மாதான். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட பிறகு அம்மாவின் சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வரும். அந்த அரைச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்கு அடி ஒன்றும் படவில்லை. நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கண்களை இறுக மூடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்.

"எண்ணி முடிக்கிறதுக்குள்ள அப்படி என்னா அவசரம் அண்ணி? நான் லாபம்னுதானே சொன்னேன்?"

அண்ணி கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். மெல்ல ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து, முதல் வேலையாகப் போய் அடுப்பை அணைத்தார். அவர் நடையில் ஒரு கோணல் இருந்தது. பார்த்தேன். பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னை நல்லவளாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த வாரம் அது நடக்காது.

விருந்தாளி நாற்காலி

எங்கள் மளிகைக் கடை கோலா கெத்தில் என்கிற ஊரின் பழைய கடை வரிசையில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான் அதை நடத்தினோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஏற்கெனவே ஒரு வாரம் முழுக்க எழுதியாயிற்று. மறுபடி கேட்காதீர்கள்.

அண்ணன் பெண்டாங்கில் ஓர் அரிசி ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். அவர் விரும்பிக் கட்டிக்கொண்டவர் லெட்சுமி அண்ணி. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து வளர்ந்தவர். அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அதற்காகச் சண்டை போட்டாரா என்றால் இல்லை. அதைவிட மோசமாக, மரியாதை செய்தார். தீபாவளிக்கு அண்ணி வந்தால் நல்ல நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரச் சொல்லி, தட்டில் வைத்துக் காப்பி கொடுப்பார். அடுப்படிக்குள் மட்டும் விடமாட்டார். எத்தனையோ தீபாவளி அண்ணி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுந்து போனார்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு மழைக்காலத்தில். வலது கை போனது, வலது கால் பாதி போனது, பேச்சு மொத்தமாகப் போனது. "ம்" ஒன்றுதான் மிச்சம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அண்ணன், "சுங்கைப் பட்டாணில வயசானவங்கள பாத்துக்கிற நல்ல ஹோம் இருக்கு, அங்க விட்ரலாம்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"வேணாங்க. அத்தைய நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவர் அண்ணிதான். மறுநாள் இரண்டு பைகளோடு வந்து இறங்கி, நேராக அடுப்படிக்குள் போனார். அம்மா படுக்கையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குக் கனமான உடம்பு. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, அங்கிருந்து மறுபடி கட்டில். விடிந்ததிலிருந்து இதே வேலைதான். நான் கடையில் இருப்பேன். அண்ணி தனியாகத் தூக்குவார். குனிந்து, அம்மாவின் இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து, தம் கட்டி, ஒரே தூக்கு. அப்படியே இடுப்பைத் திருப்பி நாற்காலியில் உட்காரவைப்பார். "எங்க அண்ணிக்கு என்னா தெம்பு தெரியுமா!" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை பேசுவேன். எழுந்து போய் ஒரு கை கொடுத்ததில்லை.

அந்தக் காலையில்தான் அண்ணி முதல்முறையாகக் கூப்பிட்டார். "சரோ, இன்னிக்கி ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு கை புடிக்கிறியா?"

போனேன். கட்டிலுக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துக்கொண்டு நான் "லாபம்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒன்று கிடையாது

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா அரிசி அளக்கும்போது முதல் படிக்கு "லாபம்" என்பார். அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூணு. ஒன்று என்று ஆரம்பித்தால் வியாபாரம் ஒன்றோடு நின்றுவிடுமாம். லாபம் என்று ஆரம்பித்தால் பெருகுமாம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பழக்கம். எங்கள் வீட்டில் முட்டை எண்ணினாலும் லாபம், மாத்திரை எண்ணினாலும் லாபம்.

தமிழ்ப் பள்ளியில் முதல் வருடம். டீச்சர் என்னை எழுப்பி எண்ணச் சொன்னார். "லாபம், ரெண்டு, மூணு" என்று கணீரென்று ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "மளிகைக் கடைப் பிள்ளையா?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று அன்று முழுக்க ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூட்டை தூக்குவதற்கும் அதே எண்ணிக்கைதான். இரண்டு ஆட்கள் மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா நிதானமாக, "லாபம்... ரெண்டு... மூணு" என்பார். மூணு சொல்லி முடித்த பிறகுதான் மூட்டை தரையைவிட்டுக் கிளம்பும். ஆகவே என் காதுக்கு லாபம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். முந்தானையைச் செருகிக்கொள்ளலாம். மூக்கைச் சொறிந்துகொள்ளலாம்.

அண்ணியின் தோட்டத்தில் எண்ணுகிற வழக்கமே இல்லை. இதைப் பின்னால் அவரே சொன்னார். உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, டிராக்டர் வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு சாக்குக்கு இரண்டு பெண்கள்.

"ஒருத்தி 'ஏத்து'ம்பா. ஒருத்தி 'ம்'பா. ஒருத்தி 'எம்மாடி'ம்பா. என்னா சொல்றாங்கிறதுலாம் முக்கியம் இல்ல சரோ. சத்தம் வந்துச்சா, தூக்கிறணும். யோசிச்சிக்கிட்டு நின்னா எதிர்ல நிக்கிறவ இடுப்பு போயிரும்."

எதிரில் நிற்பவளின் இடுப்பு போய்விடக் கூடாதென்றுதான் அண்ணி என் முதல் சொல்லுக்கே தூக்கினார். நான் மீதி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அம்மாவின் முழுக் கனமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அண்ணியின் இடுப்பில் இறங்கியது. பிறகு நாங்கள் எல்லோரும் தரையில் இருந்தோம்.

காலால் பிறந்தவள்

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தபோது தலைக்கு முன் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மூட்டை தூக்கிப் பிழைக்கிற கடையில் அப்படியொரு பிள்ளை பிறந்தால் கேட்க வேண்டுமா? ஆறு வயதிலேயே எனக்கு நல்ல கூட்டம்.

சாக்கு விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். "பாப்பா, ஒரு மிதி மிதிச்சிட்டுப் போம்மா" என்பார்கள். வியர்வையும் தவிடும் மணக்கிற முதுகுகள். பினாங்கிலிருந்து சரக்கு ஏற்றி வருகிற சீன லோரிக்காரர் ஒருவர்கூட வருவார். கடை வாசலிலேயே படுத்துக்கொண்டு, "தங்காச்சி, இஞ்சாக் லா!" என்று மிதிக்கச் சொல்வார். மிதித்து முடித்ததும் உப்புப் போட்ட புளிப்பு பிளம் ஒன்று கையில் கொடுப்பார். அந்தப் புளிப்புக்காகவே அவர் இடுப்பு அடிக்கடி பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டதுண்டு.

குணமாகவில்லை என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. குணமாகாதவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

நாங்கள் விழுந்த மறுநாள், அண்ணி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அறை முழுக்கத் தைல வாசனை. இடுப்பில் ஒரு பழைய துணியை இறுகச் சுற்றி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அதுவரை வேலை செய்திருக்கிறார்.

"நீ காலால பொறந்தவதானே? ஒரு மிதி மிதியேன் சரோ. புடிச்சிக்கிட்டு இருக்கு."

எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. உடம்பும் ஆறு வயதுப் பிள்ளையின் கனத்தில் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டுவிட்டார்களே என்று ஒரு பெருமை. பாயில் குப்புறப் படுத்தவரின் இடுப்பில் குதிகாலை வைத்து மூன்று மிதி மிதித்தேன். மிதிக்கும்போதும் லாபம் என்றுதான் ஆரம்பித்தேன். அண்ணி கைலியின் ஓரத்தை வாயில் அடைத்துக்கொண்டார்.

"போதும். விட்ருச்சி" என்றார்.

விடவில்லை. அடுத்த நாள் காலை அண்ணியால் பாயிலிருந்து எழவே முடியவில்லை. இடுப்பிலிருந்து இடது பாதம்வரை சுரீர் சுரீரென்று இழுக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணி அவசரப்பட்டுத் தூக்கிட்டாங்கண்ணே. இடுப்பு புடிச்சிக்கிச்சி." அவ்வளவுதான் சொன்னேன். லாபத்தைச் சொல்லவில்லை. மிதித்ததைச் சொல்லவில்லை.

அண்ணன், "நான் அப்பவே சொன்னேன்லா. இனி முடியாது சரோ. ஹோம்ல கேக்குறேன்" என்றார். மாலையிலேயே திரும்பக் கூப்பிட்டார். அடுத்த மாதக் கடைசியில் ஓர் இடம் காலியாகிறதாம். அதுவரைக்கும் சமாளிக்க வேண்டுமாம்.

யார் எண்ணுவது?

அரசாங்க கிளினிக்கில் டாக்டர் அண்ணியைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தார். இடுப்பில் கறுத்துப்போயிருந்த ஓர் இடத்தைத் தொட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டார்.

"விழுந்துட்டேன் டாக்டர்" என்றார் அண்ணி.

அந்தக் கறுப்பு என் குதிகால் அளவுக்கு இருந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த டிங்கிக் கொசுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு உடையவில்லை, முதுகெலும்புக்கு இடையில் இருக்கிற சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, சில வாரங்கள் எதையும் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். ஒரேயடியாகப் படுத்துவிடவும் வேண்டாம், மெல்ல நடக்கலாம் என்றார். யாரும் மிதிக்கவோ நீவவோ கூடாது என்று தானாகவே சேர்த்துச் சொன்னார். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்.

அந்த வாரங்களில் பக்கத்துக் கடை ஆட்கள் இரண்டு பேர் காலையும் மாலையும் வந்து அம்மாவைத் தூக்கிவிட்டுப் போனார்கள். நல்லவர்கள். ஆனால் ஆண்கள் கை படும்போதெல்லாம் அம்மா கண்களை மூடிக்கொள்வார். அவர்கள் போன பிறகும் வெகுநேரம் திறக்கமாட்டார்.

அந்த நேரத்தில்தான் கிளினிக்கிலிருந்து அம்மாவுக்கு உடற்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வர ஆரம்பித்தார், பெயர் ஐனுன். பெரிய குரல். வந்தவுடன் நீங்கள் எப்படித் தூக்குவீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள் என்றார். காலி முட்டைப் பெட்டி ஒன்றை அம்மாவாக வைத்துக்கொண்டு நானும் அண்ணியும் நின்றோம். அவர் மலாயில் கேட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"யார் எண்ணுவது?"

"நான்" என்றேன்.

"சரி. மூன்று சொல்லும்போதே தூக்குவீர்களா, சொன்ன பிறகா?"

"பெறகுதான்" என்றேன், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. அண்ணி தயங்கி, "நான் மொதச் சத்தத்துக்கே" என்றார். ஐனுன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்கள் கிளினிக்கில் சத்து, டுவா, டிகா. டிகா, அதாவது மூன்று, என்னும்போதே ஆள் மேலே" என்றார்.

மூன்று பேர், மூன்று விதம். ஐனுனுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "அப்படியானால் அன்று அத்தனை கனமும் இவர் ஒருவர் மேல்தான் விழுந்திருக்கிறது" என்றார். அது எனக்குத் தெரியும். இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் வலித்தது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இந்த வீட்டில் லாபம் கிடையாது, எல்லோரும் ஊரைப்போல ஒண்ணு என்றுதான் எண்ண வேண்டும் என்று. கட்டிலிலிருந்து அம்மா என்னை முறைத்தார்.

முதல் நாள் அம்மாவைத் தொடவே ஐனுன் விடவில்லை. கட்டில் தாழ்ந்திருக்கிறது, இப்படி இருந்தால் குனியாமல் என்ன செய்வீர்கள் என்றார். மூட்டை அடுக்குகிற பலகைகளை வெட்டி, கட்டில் கால்களுக்குக் கீழே அசையாமல் பொருத்தினோம். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி பிரேக் போடச் சொன்னார். எங்கள் நாற்காலிக்கு பிரேக் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு எங்களைப் பாடாய்ப் படுத்தினார். கால்களை அகட்டி, ஒன்றை முன்னால் வைக்க வேண்டும். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி இறங்க வேண்டும். தூக்குகிற ஆளோ பொருளோ நெஞ்சை ஒட்டி இருக்க வேண்டும். திரும்புவதென்றால் பாதம் நகர வேண்டும், இடுப்பு திருகக் கூடாது. அண்ணிக்குக் கடைசி விஷயம்தான் வரவேயில்லை. எத்தனையோ வருடம் சாக்கைத் திருகி வண்டியில் எறிந்த இடுப்பு அது. தூக்கக் கூடாது என்பதால் வெறுங்கையோடு நின்று, பாதத்தை மட்டும் நகர்த்தி நகர்த்திப் பழகினார். நான் பத்து கிலோ அரிசிப் பையோடு கடைக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். தொடை கழன்றுவிடும்போல இருந்தது. முட்டை கேட்டு வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, கோழி புடிக்கிறீங்களா?" என்றார்.

ஆனால் ஐனுன் சொன்னதில் என்னை உலுக்கியது வேறொன்று.

"நீங்கள் இவரை மூட்டை தூக்குவதுபோலத் தூக்குகிறீர்கள். மூட்டைக்குக் கால் இல்லை. இவருக்கு ஒரு நல்ல கால் இருக்கிறது. அதற்கு வேலை கொடுங்கள்."

அம்மாவின் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்து, மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை முன்னால் சாயச் சொல்லி, அகலமான பெல்ட் ஒன்றை இடுப்பில் கட்டி எழுப்பிக் காட்டினார். அம்மா பாதிக்கு மேல் தானாகவே எழுந்தார். ஐனுன் பெல்ட்டைப் பிடித்துக் கூடவே எழுந்தார், அவ்வளவுதான். அத்தனை மாதங்களில் அம்மா எழுவாரா என்று நாங்கள் யாரும் கேட்டுப் பார்த்ததே இல்லை.

"இனிமேல் அம்மாதான் எண்ண வேண்டும். எப்போது எழப்போகிறார் என்று அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சே இல்லாதவர் எப்படி எண்ணுவது? அண்ணி விடவில்லை. அந்த ஓய்வு வாரங்களில் கட்டில் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு தட்டு நிறைய முட்டையை வைத்துக்கொண்டு, "அத்த, ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார். அம்மா உதட்டை இறுக மூடிக்கொள்வார். ரெண்டுக்கு ஏதோ சத்தம் வரும். மூணுக்கு முனகல் வரும். ஒண்ணுக்கு மட்டும் வாயே திறக்காது. மூளையில் அந்த இடம் கெட்டுப்போயிருக்கும் என்று நான் நினைத்தேன்.

வாசலில் கார்

சொன்னபடியே அடுத்த மாதக் கடைசியில் அண்ணன் வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் ஐனுன் அண்ணியைப் பார்த்துவிட்டு, அம்மா பாதிக் கனத்தைத் தானே தாங்கினால் நீங்கள் துணைக்கு நிற்கலாம் என்று சொல்லியிருந்தார். நாங்கள் இன்னும் முயன்று பார்க்கவில்லை. எனக்குப் பயம்.

அம்மாவின் பையை நான்தான் கட்டினேன். நாலு கைலி, பவுடர் டப்பா, அப்பாவின் படம். அண்ணன் அதைக் கொண்டுபோய்க் கார் பின்பெட்டியில் வைத்துவிட்டு, கையில் சாவியோடு திரும்பி வந்தார். வந்த வேகத்தில் குனிந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்தார்.

"தொடாதீங்க!"

அண்ணி அவரிடம் குரலை உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"இப்படிக் குனிஞ்சித் தூக்கித்தான் என் இடுப்பு போச்சி. நீங்களும் படுத்துட்டா லோரிய யாரு ஓட்டுறது?"

"அதுக்குத்தானே ஹோம்ங்கிறேன்? நீ அவசரப்பட்டு இழுத்து..."

"நான் அவசரப்பட்டேன்னு யாரு சொன்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைப் பார்த்தார். அத்தனை நாளும் அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதும்கூட அவர் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

"அண்ணே, அண்ணி அவசரப்படல. நான்தான் லாபம்னு சொல்லிட்டு சும்மா நின்னேன். அண்ணிக்கு அது தெரியாதுன்னு நான் யோசிக்கல. கனம் முழுக்க அவங்க மேல வந்துருச்சி. மறுநாளு நான்தான் அவங்க இடுப்ப மிதிச்சேன். அதுக்கப்புறம்தான் எழுந்திரிக்க முடியல."

"மிதிச்சியா?"

"மூணு தடவ."

"நான்தாங்க மிதிக்கச் சொன்னேன்" என்றார் அண்ணி உடனே.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அத்தைய அனுப்புறதா இருந்தா அனுப்புங்க" என்றார் அண்ணி. "ஆனா வாசல்ல நிக்கிற காடி வரைக்கும் நாங்கதான் எழுப்பிக் கூட்டிட்டு வருவோம். ஒரு தடவ பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அண்ணி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். பிரேக்கை மிதித்து, ஆட்டிப் பார்த்தார். பள்ளிப்பையின் தோள்வார்களை வெட்டிக் கைப்பிடியாக வைத்து அவரே தைத்த அகலப் பட்டையை அம்மாவின் இடுப்பில் கட்டினார். அம்மாவின் பாதங்களைப் பின்னுக்கு வைத்தேன். இரண்டு பக்கமும் கால்களை அகட்டி, முட்டியை மடக்கி இறங்கினோம். இப்போது அண்ணியின் முகமும் என் முகமும் அம்மாவின் இரண்டு கன்னங்களுக்கும் பக்கத்தில் இருந்தன. அம்மாவிடம் பவுடர் மணந்தது.

"அம்மா, எண்ணுங்க" என்றேன். "ஒண்ணு..."

அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"அத்த, ஒண்ணு சொல்லுங்க அத்த. ஒண்ணே ஒண்ணு" என்றார் அண்ணி.

பின்னால் அண்ணன் கையில் சாவி லேசாகச் சத்தம் போட்டது. என் தொடை நடுங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் நான் படியைத் தலைதட்டாமல் அளந்து கடைக்கு நஷ்டம் பண்ணிவிட்டால் கல்லாவிலிருந்து பார்ப்பாரே, அதே பார்வை. வாய் கோணியது. தொண்டையில் ஏதோ திரண்டது.

"லா..." என்றார்.

அண்ணனின் சாவிச் சத்தம் நின்றது.

"லாபம்."

அண்ணியின் விரல்கள் பட்டையை இறுகப் பற்றியதைப் பார்த்தேன். பற்றி, அப்படியே நின்றன. அண்ணி தூக்கவில்லை. காத்திருந்தார்.

ரெண்டு வெறும் "ண்டு" என்று வந்தது. மூணு முழுசாக வந்தது. மூணு முடிந்த பிறகு, அப்பாவின் கடையில் மூட்டை கிளம்புகிற அதே நேரத்தில், அம்மா முன்னால் சாய்ந்து எழுந்தார். எங்கள் கைகள் கூடவே போயின. எழுந்தது அவர்தான். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் நின்றோம். பாதங்களைச் சின்னச் சின்னதாக நகர்த்தித் திரும்பி, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சத்தமும் இல்லை.

அண்ணிக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குனியாமல், முட்டியை மடக்கி நாற்காலிக்கு முன்னால் இறங்கி, அம்மாவின் கைலியைச் சரிசெய்தார்.

"அத்த, நீங்க கனமே இல்ல" என்றார்.

அம்மா அவரை நன்றாகப் பார்த்தார். இடது கையை எடுத்து அண்ணியின் தலையில் வைத்தார்.

"பொய்" என்றார்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு மாசம் பாக்கலாம்" என்று சுவரிடமே சொல்லிவிட்டு வெளியே போனார். நாற்காலியிலிருந்து பார்த்தால் கடையைத் தாண்டி வாசல் தெரியும். அண்ணன் காரின் பின்பெட்டியைத் திறந்து, அம்மாவின் பையை எடுக்க அப்படியே இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

"லாபம்!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் சத்தம் போனது.

அண்ணன் முட்டியை மடக்கி இறங்கி, பையில் கையை வைத்தபடி மீதி இரண்டுக்கும் காத்திருந்தார்.